இல்லத்துக் காற்றும் இல்லறத்தார் விரதமும்



இல்லறத்தில் வாழ்வோர் எத்துணைக் கவனமாய் இருப்பினும் தவிர்க்க இயலாத இம்சை நிகழும் இடங்கள் ஐந்து என்று நம் முன்னோர் எண்ணி வைத்தனர். உரல், அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் என்பன அவை. குத்துமிடத்தும், அரைக்குமிடத்தும், எரிக்குமிடத்தும், நீர் முகக்குமிடத்தும், பெருக்குமிடத்தும் கண்ணுக்குப் புலனாகும் உயிர்களும் புலனாகாத உயிர்களும் ஊறுபடுகின்றன. துறவியர்க்கு ஆகாரதானம் அளிப்பதால் அவ்வினை கழுவப்படும் என்று ஆறுதலும் கூறினர். இன்று உரலும் அம்மியும் மின்சாரத்தால் சுழலும் இயந்திரங்களாகிவிட்டன. குடத்தின் இடத்தில் குழாய் வந்துவிட்டது. அடுப்பும் துடைப்பமும் மட்டும் ஏதோ ஒரு வடிவில் எல்லா வீடுகளிலும் நிற்கின்றன. அவ்விரண்டும் நாம் உள்வாங்கும் மூச்சோடு தொடர்புடையவை. ஆகவே இம்முறை அவற்றைப் பற்றியும், அவற்றோடு நாமே விரும்பிச் சேர்த்துக்கொண்ட வேறு சில புகைகளைப் பற்றியும் பேச விழைகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். குற்றத்தை வாய்விட்டுச் சொல்லாமல் பிரதிக்கிரமணம் செய்வது, விடைத்தாளில் பெயர் எழுதாமல் தேர்வு எழுதுவது போன்றது.

என் மகன் வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயது. மாலை ஆறு மணியானதும் வீட்டின் கதவு சாளரங்களை அடைத்து, தூபக்காலில் சாம்பிராணி இட்டு அறைதோறும் காட்டுவதும், அதன்பின் குழந்தை உறங்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் ஒன்றைக் கொளுத்தி வைப்பதும் என் நித்திய வழக்கம். குழந்தை இரவில் இருமுவாள். மருமகள் இருமுறை, "அத்தை, இந்தப் புகையால்தான் இருக்குமோ?" என்று பணிவாகவே கேட்டாள். "நாங்களெல்லாம் விறகடுப்புப் புகையிலேயே வளர்ந்தவர்கள்; எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று நான் விடை கூறினேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் அல்லவா? எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போனால், நாம் சொன்னது மெய் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு எளிதில் போவதில்லை.

சென்ற ஆண்டு, பொறியியல் பயிலும் என் மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்தபோது உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவியைக் கொண்டுவந்தான். காற்றிலுள்ள நுண்துகளை அளப்பது அது. அதனுள் ஒரு சிறு விசிறி அறைக் காற்றை இழுக்கிறது. மெல்லிய லேசர் ஒளி அக்காற்றின் ஊடே பாய்கிறது. துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவைக் கொண்டு எண் ஒன்று திரையில் தோன்றுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் மிதக்கிறது என்பதே அந்த எண். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் ஆன குறுக்களவுடைய துகள்களை அது கணக்கிடுகிறது. நம் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். மூக்கின் மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இவை அந்தக் காவலைக் கடந்து நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்கின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. ஆகவேதான் மூச்சு நோயோடு நில்லாமல் மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று வரை இவற்றால் நேர்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வகுத்த நெறிப்படி, ஒரு நாளின் சராசரி 15 மைக்ரோகிராமையும் ஓர் ஆண்டின் சராசரி 5 மைக்ரோகிராமையும் தாண்டலாகாது. நம் நாடு 2009இல் வெளிக்காற்றுக்கு வகுத்த வரம்பு முறையே 60, 40 ஆகும். பேரன் கருவியைப் பகலில் கூடத்தில் வைத்தபோது எண் அடக்கமாகவே இருந்தது. மாலையில் நான் வழக்கம்போல் கதவடைத்துத் தூபம் காட்டி, சுருளையும் கொளுத்தினேன். குழந்தையின் தலைமாட்டில் இருந்த கருவி சிறிது நேரத்தில் மூன்று இலக்கத்திற்கு ஏறிற்று. நள்ளிரவில் எழுந்து பார்த்தேன்; இறங்கவில்லை. அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. சுருளை எடுத்துப் போய்க் கொல்லையில் அணைத்துவிட்டு வந்து படுத்தேன், உறக்கம் வரவில்லை.

இவ்விடத்தில் நம் ஆகமம் கூறும் இம்சையின் இலக்கணத்தை நினைவுகூர வேண்டும். உயிர்க்கு ஊறு நேர்தல் மாத்திரம் இம்சை அன்று. பிரமாதம், அதாவது கவனமின்மையாலும் கஷாயத்தாலும் நேரும் ஊறே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமிகளின் துணிபு. பொன்னூர் மலையில் தவம் இயற்றிய ஆசாரிய குந்தகுந்தரின் நோக்கும் அதுவே: கவனத்தோடு அடி எடுத்து வைப்பவருக்கும் கவனமின்றி நடப்பவருக்கும் வினைப்பயன் ஒன்றன்று. இதைக் கேட்டு ஒருவர், "அப்படியாயின் அறியாமற் செய்தது பாவமில்லை அன்றோ?" என்று வினவலாம். நானும் அவ்வாறே என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் நான் அறியாமற் செய்தேனா? மருமகள் இருமுறை சொன்னாள். குழந்தை ஒவ்வோர் இரவும் இருமலால் சொன்னாள். கேட்க மறுத்தது மானம் என்னும் கஷாயம். ஆகையால் எண்ணைக் கண்ட பிறகு மட்டுமன்று, காண்பதற்கு முன்பும் அது பிரமாதமே என்று என் மனத்துக்குத் தோன்றியது. எண்ணைக் கண்டபின் தொடர்ந்திருப்பேனாயின் அதற்குப் பெயர் வேறு.

"எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டேனே, அதற்கும் விடை சொல்லியாக வேண்டும். என் அன்னையார் சாளரமில்லாத சமையலறையில், மண் அடுப்பில் சவுக்கு விறகும் கடலைக்கொடியும் வரட்டியும் எரித்து எங்களை வளர்த்தார். கதிரவன் மறையுமுன் உணவு முடியவேண்டும் என்பதால் மாலை நான்கு மணிக்கே ஊதுகுழலோடு அமர்ந்துவிடுவார். அவர் கண்கள் எப்போதும் சிவந்து நீர் வடியும். ஐம்பது வயதுக்குள் கண்ணில் புரை விழுந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். "வயதாகிவிட்டது" என்றோம். ஐம்பது ஒரு வயதா? எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொன்னது, என் அன்னையை ஆள்கணக்கில் சேர்க்காமல் சொன்ன சொல்.

அடுப்புப் புகையை அளக்க வேண்டும் என்று உலகம் எண்ணத் தொடங்கியதே நம் நாட்டுச் சமையலறையில்தான் என்று சொல்லலாம். அமெரிக்க அறிஞர் கிர்க் ஸ்மித் நம் நாட்டு ஆய்வாளர் இருவருடன் சேர்ந்து, குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் உள்வாங்கும் புகையை அளந்து 1983இல் வெளியிட்டார். அதுவரை காற்று மாசு என்றால் ஆலைப் புகைக்கூண்டும் நகரத்து வண்டியுமே என்று எண்ணியிருந்தனர். 2020இல் மறையும் வரை அவர் இதே பொருளை விடாது பேசினார். உலக சுகாதார நிறுவனம் முன்னர் வெளியிட்ட கணிப்புப்படி, வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000க்கும் மேல்.

நம்மவர்க்கு இன்னும் அருகில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தப்பட்டது அது. இந்தியாவில் தேர்ந்துகொள்ளப்பட்ட இடங்கள் நம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். அப்பணியை ஏற்றது போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு. ஜினகாஞ்சி மடம் அமைந்துள்ள மேல்சித்தாமூரும் விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ளது என்பதை எண்ணும்போது, எங்கோ நடந்த செய்தியாக இதை வாசிக்க எனக்கு இயலவில்லை. பாதிப் பெண்களுக்கு எரிவாயு அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச எரிவாயுவும் தரப்பட்டன. மற்றப் பாதியினர் விறகிலேயே சமைத்தனர். விறகு எரித்த பெண்கள் உள்வாங்கிய துகள் 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, எரிவாயு பெற்றவர்க்கு அது 24 அளவில் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு!

இங்கேயே நிறுத்திவிட்டால் சொற்பொழிவு இனிமையாக முடியும். ஆனால் சத்திய அணுவிரதம் பூண்டவர் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கலாகாது. 2022இல் முடிவு வெளிவந்தபோது, இரு பிரிவிலும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2024இல் வந்த முடிவுகளின்படி, குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் வளர்ச்சிக் குறைவிலும் எதிர்பார்த்த வேறுபாடு இல்லை. புகை குறைந்தது, பயன் எதிர்பார்த்தபடி தெரியவில்லை. இதற்கு ஆய்வாளர் பல காரணங்களை ஆராய்கின்றனர். கர்ப்பம் சில மாதம் சென்ற பின்னரே அடுப்பு மாற்றப்பட்டது. 24 என்பதும் ஆண்டு நெறியான 5ஐ விட ஏறத்தாழ ஐந்து மடங்கு. அண்டை வீட்டு விறகும் தெருக் குப்பையும் எரிந்துகொண்டேதான் இருந்தன. என் கருத்தைக் கேட்டால், ஒன்றரை ஆண்டு அளவுகோல் கொண்டு ஐம்பது ஆண்டுப் புகையை அளக்க இயலாது. பிறந்த குழவியின் எடை ஒரு நோக்கு. என் அன்னையின் இரைப்பு மற்றொரு நோக்கு. அநேகாந்தம் பயின்ற நமக்கு, ஒரு முடிவு பொய்த்ததால் எல்லாம் பொய் என்றோ, மெய்த்ததால் எல்லாம் மெய் என்றோ சொல்ல வாய் வரலாகாது.

இனி, கொசுவர்த்திக்கு வருகிறேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிப்படும் நுண்துகள் 75 முதல் 137 வெண்சுருட்டுகள் வெளிவிடும் அளவுக்கு நிகர் என்று கண்டது. புகைபிடிப்பவரை வீட்டுத் திண்ணையிலும் அமரவிடாத நாம், குழந்தையின் கட்டிலருகே இதை எரிக்கிறோம். ஆனால் நான் நாணியது இதற்காக மட்டுமன்று. அந்தச் சுருளில் இருப்பது அலெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி. கொசு நாலறிவு உயிர். இரவுணவை நீக்கி, நீரை வடிகட்டி, கிழங்கை ஒதுக்கி வாழும் ஒரு சமணக் குடும்பத்தில், நாலறிவு உயிரைக் கொல்லும் பொருளை நாள்தோறும் காசு கொடுத்து வாங்கி, அருகனை வணங்கிய கையாலேயே கொளுத்தி வந்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு இது உறைக்கவில்லையே! புகை வராத திரவக் குப்பி என்கிறார்கள். அதிலும் கொல்லும் மருந்தே இருக்கிறது.

வழி என்னவெனில், பழைய கொசுவலைதான். கொசுவுக்கும் ஊறில்லை, குழந்தைக்கும் ஊறில்லை. சாளரத்துக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் மாலையில் அடைக்கவும் வேண்டா. நீர்த்தொட்டியையும் குடத்தையும் துணியால் மூடி வைத்தால் கொசு அங்கே பிறப்பதில்லை. பிறந்தபின் கொல்வதினும் பிறக்க இடம் தராதிருத்தல் நம் நெறிக்கு உகந்தது. டெங்குக் கொசு பகலில் கடிப்பதாகையால் பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும்.

சென்ற தசலட்சண பர்வத்தின்போது இதை நான் பேசியபோது ஓர் அம்மையார் எழுந்து நல்லதொரு வினாவைக் கேட்டார். "காற்றும் ஓரறிவு உயிர்தானே? வீணே காற்றைக் கலக்குவது அநர்த்த தண்டம் என்று அருங்கலச்செப்பு வகுப்பில் நீங்கள்தானே கற்பித்தீர்கள்? இப்போது விசிறி வை, காற்றுப்போக்கி வை என்கிறீர்களே?" என்றார். மாணவர் நம் பாடத்தைக் கொண்டே நம்மை மடக்கும்போது ஆசிரியருக்கு உண்டாகும் மகிழ்ச்சி வேறெதிலும் இல்லை. சமந்தபத்திர ஆசாரியர் நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டல், காற்றைக் கலக்கல் ஆகியவற்றைப் பயனின்றிச் செய்வதையே பிரமாதச் செயல் என்று விலக்கினார். அவ்வட்டவணையில் தீயும் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி அநர்த்த தண்டம், ஐயமில்லை. வேண்டாத புகையும் அவ்வாறே. சாளரத்தைத் திறப்பதோ காற்றைக் கலக்குவதன்று. அது தன் வழியே போக விடுவது. முற்றமும் ஓட்டுக்கூரை இடுக்கும் இருந்த வீடுகளில் அது தானே நடந்தது. இப்போது காரை பூசிய பெட்டிகளைக் கட்டிக் குளிர்சாதனத்துக்காக இறுக அடைத்துக்கொள்கிறோம்.

ஆகமத்தில் நுண்துகளின் அளவு முன்னரே சொல்லப்பட்டிருக்கிறது என்று சில சொற்பொழிவாளர் கூறக் கேட்டிருக்கிறேன். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். அவர்கள் கருவி கொண்டு அளக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது ஆகாது என்று உறுதியாய் நின்றனர். நமக்கு அது போதும்.

ஜினாலயத்தைப் பற்றியும் ஒரு சொல். சாளரமற்ற கருவறையில் நெய்விளக்கும் தூபமும் கற்பூரமும் எரிய, நாம் ஐந்து நிமிடம் நின்று வெளியேறிவிடுகிறோம். உபாத்தியாயரோ காலையும் மாலையும் ஆண்டு முழுதும் அங்கேயே நிற்கிறார். வடநாட்டுத் திகம்பரருள் தேராபந்தியர் தீபத்துக்குப் பதிலாகச் சாயமூட்டிய தேங்காய்த் துண்டை வைத்து வழிபடுவர். நம் மரபு அதுவன்று. மாற்றச் சொல்ல நான் யார்? தூபக்காலை முன்மண்டபத்தில் வைத்தல், கற்பூரத்தைக் குறைத்தல், கருவறைக் கதவைப் பூசைக்குப்பின் சிறிது நேரம் திறந்து வைத்தல், இவற்றால் பூசைக்குக் குறைவில்லை. அறங்காவலர்கள் அவரது இருமலைக் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கருவி வாங்க எண்ணுவோர்க்கு என் அனுபவத்தில் சில. அடுப்பின் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆவியையும் மூடுபனியையும் துகளென்று எண்ணி மலிவான கருவி மயங்கும். மூச்சு விடுபவரின் தலை இருக்கும் உயரத்தில் வையுங்கள். ஒருநாள் எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டா, மகிழவும் வேண்டா. ஒரு வாரம் நாலு வேளை குறிப்பேட்டில் எழுதுங்கள், பக்கத்தில் அப்போது வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். எண் பெரிதன்று, எப்போது ஏறுகிறது என்பதே செய்தி. என் குறிப்பேட்டில் வடை சுட்ட நாளும், மிளகாய் தாளித்த வேளையும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிய காலையும் தனித்தனியே தெரிந்தன. எரிவாயு அடுப்பாயினும் எண்ணெய்ப் புகை புகையே. தரையை ஈரத்துணியால் துடைத்தால் தூசி எழுவதில்லை; துறவியரின் மயிற்பீலி எத்துணை மெல்லத் தரையைத் தொடுகிறது என்பதைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டா.

மற்றொன்று முக்கியம். கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை இக்கருவி காட்டாது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். மூடிய குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியும், குளிர் இரவில் அடைத்த அறையில் கரியடுப்பும் உறங்கியவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். அதற்கென்று தனி எச்சரிக்கை மணி உண்டு. அது இருப்பினும் அவ்விரண்டையும் அடைத்த அறையில் வைக்கலாகாது.

பர்வம் முடிந்து க்ஷமாவாணி நாள் வந்தது. ஆண்டுதோறும் நான் பெரியவளாதலால், எல்லோரும் என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்பர். நானும் பொதுவாய் ஒரு சொல் சொல்லிவிடுவேன். சென்ற ஆண்டு நான் சமையலறைக்குச் சென்று, மருமகளிடம் கைகூப்பி, "நீ இருமுறை சொன்னாய்; நான் கேட்கவில்லை. குழந்தைக்கு என்னால் ஊறு நேர்ந்தது. பொறுத்துக்கொள்" என்றேன். அவள் திடுக்கிட்டு என் கைகளைப் பற்றிக்கொண்டாள். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வலைக்கு மூன்று மூலையில்தான் கொக்கி இருக்கிறது, அத்தை. நாலாவது மூலை தொங்குகிறது, கொசு அந்த வழியாக வருகிறது" என்றாள். மறுநாள் ஆள் வரவழைத்து அடித்துவிட்டோம்.